இணைத்த எலும்பு இணையாதபோது

மாங்காடு காமாட்சியம்மன் கோயிலுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழத்துடன் வந்து வழிபடும் வழக்கம் நம் பகுதியில் அனைவரும் அறிந்ததே. முதுகெலும்பில் முன்பே அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலர், தங்கள் குறையை முதலில் உணர்வது இத்தகைய வரிசைகளில்தான். பத்து நிமிடம் நின்றதும் உடல் தானாக முன்னே சாய்கிறது. கை ஏதேனும் ஒரு கம்பியைத் தேடுகிறது. உட்கார்ந்தால் வலி குறைகிறது, நடந்தால் திரும்பி வருகிறது. “பிளேட் வைத்து இரண்டு ஆண்டுகள் நன்றாகத்தானே இருந்தேன்?” என்று மருத்துவரிடம் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். முதுகில் பொருத்தப்படும் தண்டுகளும் திருகாணிகளும் முதுகெலும்பை வாழ்நாள் முழுவதும் தாங்குவதற்கானவை அல்ல. வளைவை நேராக்கிய பின், அடுத்தடுத்த எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே எலும்பாக வளரும்வரை அசையாமல் பிடித்துக்கொள்வதே அவற்றின் பணி. அவ்வாறு ஒட்டுவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். எலும்பு ஒட்டாவிடில் ஒவ்வோர் அசைவின் சுமையும் உலோகத்தின் மேல் விழும். கட்டுக்கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒரு நாள் முறிவதுபோல, எவ்வளவு வலிய தண்டும் அப்போது முறியும்.

இதை முதலில் கற்றுக்கொண்டவர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர மருத்துவர் பால் ஹாரிங்டன். இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த சிறுவர் பலர் அவரிடம் வந்த காலம் அது. எலும்பை ஒட்டவைக்காமல் உலோகத் தண்டுகளை மட்டும் பொருத்தி வளைவை நிமிர்த்தினார். தண்டுகள் முறிந்தன, கொக்கிகள் கழன்றன. அதன்பின் எலும்பு இணைப்பையும் சேர்த்தே செய்யத் தொடங்கி, 1962இல் தம் முறையை வெளியிட்டார். உலகெங்கும் அது பரவியது. எனினும் இடுப்புப் பகுதியை இழுத்து நிமிர்த்தும் அத்தண்டுகள், கீழ்முதுகுக்கு இயல்பாக உள்ள உட்குழிவையும் அழித்துவிட்டன. இளமையில் அறுவை செய்துகொண்டவர்கள் நடுவயதில் முன்னே சாய்ந்து நடந்தார்கள். ‘தட்டை முதுகு’ என்று அழைக்கப்பட்ட அந்நிலையைச் சரிசெய்யவே மறு அறுவை சிகிச்சையின் பெரும்பகுதி வளர்ந்தது எனலாம்.

நம் மாநிலத்தில் முதுகு வளைவுக்கு இன்னொரு பழைய காரணமும் உண்டு: குழந்தைப் பருவத்தில் முதுகெலும்பைத் தாக்கிய காசநோய். சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு நிலையம் முதுகெலும்புக் காசநோய்க்கான மருந்துச் சிகிச்சையையும் நெடுங்காலம் ஆராய்ந்தது. நோய் குணமான பின்னும் சில குழந்தைகளுக்கு வளைவு ஆண்டுதோறும் கூடுவதைக் கோவை கங்கா மருத்துவமனையின் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2001இல் வெளியான தம் ஆய்வில் விளக்கினார். அன்றைய குழந்தைகளில் சிலர் இன்று நடுவயதினராய் முதுகு மருத்துவரைத் தேடி வருகின்றனர்.

பெரியவர்களுக்குச் செய்யப்படும் நீண்ட இணைப்பு அறுவைகளில், 100 பேரில் ஏறத்தாழ 15 முதல் 25 பேருக்கு மீண்டும் ஓர் அறுவை தேவைப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. இதைப் படித்து அஞ்ச வேண்டாம். முதல் அறுவைக்கு இசைவு அளிக்கும்போதே அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. எலும்பு ஒட்டாமை ஒரு காரணம். இணைத்த பகுதிக்குச் சற்று மேலே முதுகு மடங்கிக் கூனுவது மற்றொன்று. எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்குத் திருகாணிகள் நெகிழ்ந்துவிடும். காய்ச்சலே இல்லாமல் மறைந்திருக்கும் தொற்றும் உண்டு. எனவே மருத்துவர் எல்லாவற்றையும் தேடித்தான் பார்ப்பார்: தலை முதல் தொடைவரை நிற்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே, ஒட்டியதா இல்லையா எனக் காட்டும் சி.டி. ஸ்கேன், தொற்றை அறியும் இரத்தப் பரிசோதனை, எலும்பு அடர்த்திப் பரிசோதனை. படுத்த நிலையில் எடுத்த பழைய எக்ஸ்ரே மட்டும் போதாது. நிற்கும்போது தலை இடுப்புக்கு நேர்மேலே இருக்கிறதா என்பதே இங்கு முக்கியம். ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தலை முன்னே தள்ளிப்போனால், அதை இழுத்துப் பிடிக்க முதுகுத் தசைகள் நாள் முழுவதும் உழைக்க நேரும். ஒற்றைக் காலில் தவம் நின்ற அம்மனின் ஊரில் நிமிர்ந்து நிற்பதன் அருமையை விளக்கவும் வேண்டுமோ!

தண்டு முறிந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தவுடனே அறுவை என்று பொருளில்லை. வலியில்லை, நிமிர்வும் குறையவில்லை எனில் காத்திருந்து கவனிப்பதே பெரும்பாலும் நல்லது. ஆனால் கால் வலுவிழத்தல், மறத்துப்போதல், சிறுநீர் அல்லது மலத்தை அடக்க இயலாமை ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். புறநோயாளர் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மறு அறுவை முதல் அறுவையைவிடக் கடினமானது. பழைய தழும்புக்கு நடுவே தண்டுவடத்தின் உறையைக் கிழிக்காமல் செல்ல வேண்டும். எலும்பை ஆப்பு வடிவில் வெட்டியெடுத்து வளைவைத் திருத்த நேரலாம். இடுப்பெலும்புவரை திருகாணி பொருத்த நேரலாம். பல மணி நேரம் ஆகும். சில வேளைகளில் இரு நாள்களாகப் பிரித்துச் செய்வார்கள். நரம்புகள் தொடர்ந்து வேலை செய்கின்றனவா என்பதை அறுவையின்போதே கருவி கொண்டு கண்காணிப்பார்கள். இரத்த இழப்பு மிகுதி என்பதால், இரத்த வங்கியில் எத்தனை அலகு தேவை என்பதைக் குடும்பத்தினர் முன்கூட்டியே கேட்டு, தானம் செய்வோரை ஏற்பாடு செய்துகொள்வது நலம்.

அறுவைக்கு முந்தைய சில மாதங்கள்தாம், என் கருத்தில், குடும்பத்தின் கையில் உள்ள காலம். பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை அனைத்தும் எலும்பு ஒட்டுவதைத் தடுக்கும். முழுமையாக நிறுத்த வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெயில் குறைவில்லாத இந்த ஊரிலும் வைட்டமின் டி குறைபாடு மிகுதியாகக் காணப்படுகிறது. எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு அதற்கான ஊசி மருந்தைச் சில மாதங்கள் தந்தபின் அறுவை செய்வதுண்டு. கடையில் தாமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. நீவிவிடுதல், கட்டுப்போடுதல் ஆகியவற்றை முதுகில் உலோகம் உள்ளவர்கள் செய்துகொள்ளலாகாது.

கேட்கத் தயங்கும் ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். இடுப்புவரை இணைத்தபின் குனிவது மிகவும் குறையும். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவதும், குனிந்து கோலமிடுவதும், இந்திய முறைக் கழிப்பறையில் அமர்வதும் பெரும்பாலும் இயலாது. மலம் கழித்தபின் கை எட்டாமல் தவிப்போர் உண்டு. வெட்கத்தால் அதை எவரிடமும் கூறுவதில்லை. வீட்டில் மேற்கத்திய முறைக் கழிப்பறை, கைப்பிடிக் கம்பி, நீளமான குழாயுடன் கூடிய தண்ணீர்த் தெளிப்பான் ஆகியவற்றை நோயாளி வீடு திரும்புமுன் பொருத்திவிடுங்கள். படுக்கையில் திரும்பும்போது தோளும் இடுப்பும் ஒன்றாகவே, மரக்கட்டை உருள்வதுபோல் திரும்ப வேண்டும். அதைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும்போது துணையாக இருப்பவரும் அருகிலிருந்து பழகிக்கொள்ள வேண்டும். குன்றத்தூர் சாலையின் வேகத்தடைகளில் ஷேர் ஆட்டோ பயணம் சில மாதங்களுக்கு வேண்டாம்.

முதல் ஆலோசனைக்கு வரும்போது பழைய அறுவையின் குறிப்புகளைத் தேடி எடுத்து வாருங்கள். குறிப்பாக, பொருத்திய உலோகத்தின் நிறுவனப் பெயரும் அளவும் அச்சிட்ட சிறு ஒட்டுத்தாள்கள் கோப்பில் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு நிறுவனத்தின் திருகாணியைக் கழற்ற அந்நிறுவனத்தின் திருப்புளியே வேண்டும். அது எதுவென்று தெரியாமல் அறுவை அரங்கில் நின்றால் நேரமும் இரத்தமும் வீணாகும். கோப்பு தொலைந்துபோயிருந்தால், அறுவை செய்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் எழுத்து மூலம் விண்ணப்பித்து நகல் கேளுங்கள்.