ஃபிளாப்பியின் மெகா எந்த மெகா?

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில் காதங்கி என்றொரு சிற்றூர். தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. வளிமண்டல அடுக்குகளை ஆராயும் அதன் எம்.எஸ்.டி. ராடார் இயங்கத் தொடங்கியது 1990-களின் தொடக்கத்தில், ஃபிளாப்பிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில். வரிசைக்கு 32 வீதம் 32 வரிசை, ஆக 1,024 ஆன்டெனாக்கள் தரையில் நிற்கின்றன. அலைவரிசை 53 மெகாஹெர்ட்ஸ், தொடக்க காலத்தில் உச்சத் திறன் 2.5 மெகாவாட்.

இந்த இரண்டு மெகாவிலும் தகராறு கிடையாது. மெகா என்றால் பத்து லட்சம், அவ்வளவுதான். தகராறு அந்தக் காலத்து 1.44 மெகாபைட் ஃபிளாப்பியில்தான். அதன் மெகா பத்து லட்சமும் இல்லை. கணினிக்காரர்கள் 1,024-ஐ 1,024-ஆல் பெருக்கிச் சொல்லும் 10,48,576-உம் இல்லை. இரண்டுக்கும் நடுவே 10,24,000 என்று ஒரு எண். ஃபிளாப்பி உலகத்துக்கு வெளியே அதிகம் புழங்காத அளவை இது.

எப்படி வந்தது? மூன்றரை அங்குல ஃபிளாப்பிக்கு இரண்டு பக்கம். பக்கத்துக்கு 80 டிராக். டிராக்குக்கு 18 செக்டர். செக்டருக்கு 512 பைட். எல்லாவற்றையும் பெருக்கினால் 14,74,560 பைட். இதை 1,024-ஆல் வகுத்தால் சரியாக 1,440 கிலோபைட். அதுவரை ஒழுங்குதான். அடுத்த படியில் மட்டும் யாரோ 1,000-ஆல் வகுத்து 1.44 என்று போட்டுவிட்டார்கள். ஒரு படிக்கு ஒரு முறை, மறு படிக்கு வேறு முறை. 1987-இல் ஐ.பி.எம். தன் பி.எஸ்./2 கணினிகளில் இந்த வகையைக் கொண்டுவந்த பிறகு அந்த எண் உலகமெங்கும் நிலைத்துவிட்டது.

இன்றைய அளவையில் சொல்வதானால், பத்து லட்சம் கணக்கில் அது 1.47 மெகாபைட். 1,024 கணக்கில் 1.41 மெபிபைட். மெபி, கிபி என்ற பெயர்களை 1998-இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் கொண்டுவந்ததே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். கடைத்தெருவில் அவற்றை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மற்ற வகைகளுக்கும் இதே வழிதான். ஐந்தேகால் அங்குலத்தில் 360 கே.பி. என்றால் 3,68,640 பைட், 1.2 எம்.பி. என்றால் 12,28,800. மூன்றரை அங்குல 720 கே.பி.யில் 7,37,280. லேபிளில் இருக்கும் எண்ணை நேராக மாற்றப் போகாதீர்கள். முதலில் பைட்டுக்கு இறங்குங்கள், பிறகு வேண்டிய அலகுக்கு ஏறுங்கள்.

லேபிள் அளவு முழுவதும் நம் கோப்புக்குக் கிடைக்காது என்பதும் உண்டு. மொத்தமுள்ள 2,880 செக்டரில் 33-ஐ டாஸ் இயங்குதளம் தன் கணக்குப் புத்தகத்துக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம் 14,57,664 பைட். அந்நாளில் ஃபிளாப்பியை ஃபார்மட் செய்தவர்கள் திரையில் பார்த்தது இந்த எண்ணைத்தான்.

காதங்கி மாதிரியான ஒரு ராடாரை வைத்தே ஃபிளாப்பியின் கொள்ளளவை அளந்து பார்க்கலாம். ஒரு திசையில் 150 உயர அடுக்குகள், அடுக்குக்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு இரண்டு எண்கள், எண்ணுக்கு 4 பைட் என்று வைத்துக்கொள்வோம். 6,14,400 பைட் ஆகும். ஆறு திசைக்கு 36,86,400. ஒரு சுற்று முடிவதற்குள் சரியாக இரண்டரை ஃபிளாப்பி காலி. நாள் முழுக்க வானத்தைப் பார்க்கிற கருவிக்கு இது எந்த மூலைக்கு?

இன்றைய 16 ஜி.பி. பென்டிரைவில் 10,850 ஃபிளாப்பிகளின் கொள்ளளவு அடங்கும். அதை விண்டோஸ் கணினியில் செருகினால் 14.9 ஜி.பி. என்று காட்டும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்களும் உண்டு. அவர் மேல் தப்பில்லை. தயாரித்தவர் 1,000 கணக்கில் விற்கிறார், விண்டோஸ் 1,024 கணக்கில் எண்ணிவிட்டு பெயரை மட்டும் ஜி.பி. என்றே போடுகிறது. ஆப்பிள் கணினிகள் 2009 முதல் 1,000 கணக்குக்கு மாறிவிட்டன.

திருப்பதிப் பக்கம் தெலுங்கும் தமிழும் கலந்து பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடைக்காரர்கள் கவனிக்க இன்னொன்று உண்டு. பழைய எழுத்துருக்களில் ஒரு குறிக்கு ஒரு பைட். இன்று யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ், தெலுங்குக் குறிக்கும் 3 பைட். ‘திருப்பதி’ என்று தமிழில் எழுதினால் 27 பைட். தெலுங்கில் ஒற்று இல்லாததால் 21. ஆகவே ஒரு ஃபிளாப்பி நிறைய இருந்த பழைய தமிழ் உரையை யூனிகோடுக்கு மாற்றினால், அதே ஃபிளாப்பியில் திரும்ப அடங்காது. கொள்ளளவு மாறவில்லை, எழுத்துதான் பருத்துவிட்டது.

பெட்டியில் பழைய ஃபிளாப்பி கிடந்தால், யு.எஸ்.பி.யில் இணையும் டிரைவ் வாங்கி, கோப்புகளை மட்டும் இழுத்துப் போடாமல் முழு வட்டையும் இமேஜாக நகலெடுங்கள். காந்தப் பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கும், தள்ளிப்போடாதீர்கள். வந்த கோப்பின் அளவை பைட்டில் பாருங்கள். 1.44 வகை என்றால் 14,74,560 இருக்க வேண்டும். ஒரு பைட் குறைந்தாலும் நகல் முழுமையாக வரவில்லை.