ஒளி சிகிச்சையில் மச்சம் கறுக்கிறதா?

மேலூர் பக்கம் வயல் வேலைக்குப் போய்வந்தால் கை கறுத்துப்போகும், யாரும் பயப்படுவதில்லை. வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் புற ஊதா ஒளி சிகிச்சை எடுக்கும்போது மச்சம் கறுத்தால் மட்டும் பதறிவிடுகிறார்கள்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். மச்சம் என்பது நிறமி செல்கள் கூடியிருக்கும் இடம். சிகிச்சையின் 311 நானோமீட்டர் ஒளி பட்டதும் அங்கே மெலனின் கூடுகிறது. சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் பழைய நிறம் திரும்பும். சிகிச்சை நாளில் மதுரையின் உச்சி வெயிலைத் தவிர்ப்பது நல்லது.

ஆனால், ஒரு மச்சம் மட்டும் தனித்து வளர்ந்தாலோ, ஓரம் கோணலானாலோ, பல நிறம் காட்டினாலோ, ரத்தம் கசிந்தாலோ உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மெலனோமா புற்றுநோய் நம்மவர்களுக்கு உள்ளங்காலிலும் வரும். பாதத்தையும் பாருங்கள். சிகிச்சைக்கு முன்பே மச்சங்களை செல்போனில் படமெடுத்து வைத்தால், மாற்றம் சட்டென்று தெரியும்.