பெங்களூருக்கு ஆபத்து வானத்திலா, காலடியிலா?

தீபாவளிக்கு ஊருக்குப் போனால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. "உங்களுக்கென்னப்பா, பெங்களூர்க்காரர்கள்! புயல் இல்லை, வெள்ளம் இல்லை, வெயில்கூட இல்லை. காலாற நடந்தே எங்கும் போய் வரலாம்" என்பார் கடலூர்ப் பக்கத்து மாமா. 2011 டிசம்பரில் தானே புயலைக் கண்ணால் கண்டவர் அவர். அவரோடு வாதாட நமக்கு மனம் வருவதில்லை. சிரித்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறோம்.

இயற்கை அழிவு அண்டாத ஊர், நடப்பதற்கு ஏற்ற ஊர் என்ற இந்த இரண்டு பெயருக்கும் பெங்களூர் தகுதியானதுதானா?

இயற்கை தந்த வரம்

மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், தக்காணப் பீடபூமியின் கெட்டிப் பாறை மீது அமைந்த ஊர் இது. எந்தத் திசையில் போனாலும் கடல் நூறு மைலுக்கு அப்பால்தான். புயலின் ஆவேசம் இங்கு வந்து சேர்வதற்குள் அடங்கி, வெறும் மழையாகிவிடுகிறது. 2002ஆம் ஆண்டின் நில நடுக்க வரைபடத்தில் பெங்களூர் மிகக் குறைந்த ஆபத்துள்ள 2ஆம் மண்டலத்தில் இருந்தது. சென்னை 3ஆம் மண்டலத்தில் இருந்தது. ஆண்டு மழையும் சென்னையைவிடக் குறைவு. கரை புரண்டு ஊருக்குள் வருவதற்குப் பெரிய ஆறும் கிடையாது.

அப்படியானால் வெள்ளம் எங்கிருந்து வருகிறது?

ஏரி போன இடம்

ஆறு இல்லாத ஊர் என்பதால்தான் முன்னோர்கள் ஏரி வெட்டினார்கள். மேட்டில் பெய்த மழை ஓர் ஏரியை நிரப்பி, மிஞ்சியது ராஜகாலுவே எனும் பெரிய கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்கு இறங்கும். இன்று நாம் பஸ் பிடிக்க ஓடும் மெஜஸ்டிக் நிலையம், ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்குமிடம் சம்பங்கி ஏரி. ஏரிகளின் மேல் கட்டடம் எழும்பியது, கால்வாய்கள் குறுகின. தண்ணீருக்கு அது தெரியாது. அது பழைய வழியையே தேடி வருகிறது.

2022 செப்டம்பர் 5ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நகரில் 131.6 மில்லி மீட்டர் மழை பெய்தது. பெல்லந்தூர்ப் பக்கம் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்கள் டிராக்டரில் ஏறி ஆபீசுக்குப் போனதை நாடே பார்த்தது. 2023 மே 21ஆம் தேதி, விதான சவுதாவுக்கு அருகிலேயே உள்ள கே.ஆர். சர்க்கிள் சுரங்கப் பாதையில் தேங்கிய மழை நீரில் கார் மூழ்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். இவற்றையெல்லாம் இயற்கையின் கணக்கில் எழுதிவிட முடியுமா?

கல் பலகைக்குக் கீழே

இனி, நடக்கும் கதை. ஏப்ரல், மே நீங்கலாக நடப்பதற்கு இதைவிட நல்ல சீதோஷ்ணம் எங்கே கிடைக்கும்? 1898இல் வந்த பிளேக்குக்குப் பிறகு வளர்ந்த மல்லேசுவரத்திலும் பசவனகுடியிலும், மரங்கள் நிழல் தரும் நேர் தெருக்கள் இன்றும் நடப்பவரை அழைக்கின்றன. ரெசிடென்சி ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு போன்ற சில சாலைகளில், அண்மைக் காலத்தில் அகலமான நடைபாதை போட்டிருக்கிறார்கள். அங்கே குழந்தையைக் கைபிடித்து நடக்கலாம்.

மற்ற இடங்களில்? பெங்களூரின் பெரும்பாலான நடைபாதைகள், சாக்கடையின் மேல் வரிசையாக அடுக்கிய கல் பலகைகள்தாம். ஒரு பலகை உடைந்தால் இரண்டு கேடு. பகலில் கால் உள்ளே போகிறது. குப்பையும் மண்ணும் உள்ளே விழுந்து அடைத்துக்கொள்ள, மாலை மழையில் தண்ணீர் வெளியே வருகிறது. வெள்ளமும் நடைபாதையும் இரண்டு பிரச்சினை என்று நினைக்கிறோம். இரண்டும் அந்த ஒரே பலகையில்தான் இருக்கின்றன.

கார் வைத்திருப்பவருக்கு இது தாமதம். பீனியாவிலும் பொம்மசந்திராவிலும் ஷிப்ட் முடிந்து, இருட்டில், முழங்கால் தண்ணீரில் நடந்து வருபவருக்கோ இது உயிர்ப் பிரச்சினை. எந்தப் பலகை இருக்கிறது, எது இல்லை என்று தண்ணீருக்கு மேலிருந்து தெரியாது.

நாம் செய்யக்கூடியது

வாடகைக்கோ போகியத்துக்கோ வீடு பார்க்கும்போது, காவேரித் தண்ணீர் வருமா என்று கேட்கிறோம். மழைத் தண்ணீர் எங்கே போகும் என்றும் கேட்க வேண்டும். வீட்டுக்காரரைவிட, எதிர்க் கடைக்காரர் உண்மையைச் சொல்வார். கீழ்த்தளம் என்றால் சுவரில் ஈரக்கறை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஊர்ப் பெயரையும் கவனியுங்கள். கெரே என்றால் ஏரி. சந்திரா என்று முடியும் பெயர் பலவும், நம் ஊர்களில் உள்ள 'சமுத்திரம்' என்பதன் திரிபுதான். தெருவில் பலகை உடைந்தால் நாலு பேராகச் சேர்ந்து மாநகராட்சியில் எழுதிக் கொடுங்கள். அது சலுகை கேட்பதாகாது. தடையற்ற நடைபாதை, அரசியல் சட்டம் தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

மாமாவுக்கும் ஒரு செய்தி உண்டு. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் தண்ணீர் தட்சிண பினாகினியில் கலக்கிறது. நாம் தென்பெண்ணை என்பது அந்த ஆற்றைத்தான். ஓசூர் கெலவரப்பள்ளி அணையைத் தாண்டி அது கடலைச் சேருவது கடலூரில்.

ஆகவே அடுத்த தீபாவளிக்கு அவரிடம் இப்படிச் சொல்லலாம்: "நீங்கள் சொல்வதில் பாதி சரி, மாமா. வானம் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. தரையைத்தான் நாங்கள் சரியாக வைத்துக்கொள்ளவில்லை."