பலகாரப் பரிமாற்றம்: ஒன்பது பேர், அறுபது அச்சு முறுக்கு

லீவு முடிந்து ஊரிலிருந்து வந்தவன் பையைத் திறந்தால் ஹாஸ்டலில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தே நிமிடத்தில் டப்பா காலி. கொண்டு வந்தவனுக்கே ஒரு முறுக்கு மிஞ்சாது. இதையே கொஞ்சம் கணக்கோடு செய்தால், அதுதான் பலகாரப் பரிமாற்றம். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் இதை 'குக்கி எக்ஸ்சேஞ்ச்' என்று விருந்தாகவே வைக்கிறார்கள். ஆளுக்கு ஒரே வகையை நிறையச் செய்து வர வேண்டும். போகும்போது எல்லா வகையும் கையில் இருக்கும்.

'குக்கி' என்பதே டச்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். நம்ம பழவேற்காட்டில் 1613-ல் கெல்ட்ரியா கோட்டை கட்டினார்களே, அதே டச்சுக்காரர்கள்! இலங்கையில் அச்சில் சுடும் பலகாரத்துக்குக் 'கொக்கிஸ்' என்று பெயர்; அதுவும் அவர்கள் விட்டுப்போன சொல் என்கிறார்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு முதல் தடவையாக கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டில் நடத்தினோம். ரெண்டு தப்பு நடந்தது. யார் எதைச் செய்வது என்று பேசி வைக்காததால் ஐந்து பேர் முறுக்கோடு வந்து நின்றார்கள். அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ரெண்டாவதுதான் உறுத்தியது. 'வீட்டில் செய்ததுதான் கொண்டு வரணும்' என்று ஒரு சட்டம் போட்டிருந்தோம். கும்மிடிப்பூண்டியில் ரூம் எடுத்துத் தங்கி, சிப்காட்டில் பார்ட் டைம் வேலையும் பார்க்கும் எங்கள் செட் நண்பன், "ஷிஃப்ட் இருக்குடா" என்று வராமல் இருந்துவிட்டான். ஷிஃப்ட் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவன் ரூமில் அடுப்பே கிடையாது.

இந்தத் தடவை சட்டத்தை மாற்றினோம். அடுப்பு இல்லாதவன் அடுப்பு இருப்பவனோடு ஜோடி சேர வேண்டும். அவன் என் ஜோடி. எங்களுக்கு வந்தது அச்சு முறுக்கு.

கணக்கு சுலபம். ஒன்பது பேர், தலைக்கு ஆறு என்றால் 54. உடைந்து போக, ருசி பார்க்க ஒரு ஆறு. மொத்தம் 60. ஜோடி என்றால் ரெண்டு பங்கு செய்யணுமா என்று கேட்காதீர்கள். ஜோடிக்கும் அதே அறுபதுதான்.

முதல் பத்து முறுக்கு அச்சை விட்டு வரவே இல்லை. அம்மா, "புது அச்சு, எண்ணெயில் பழகணும்" என்றார். நண்பன் அச்சை வாங்கிக் காய்ந்த எண்ணெயிலேயே கொஞ்ச நேரம் வைத்தான். பிறகு மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்கினான். 'சுர்' என்று ஒட்டியது. எண்ணெயில் பிடித்து லேசாக ஆட்ட, பூ மாதிரி கழன்று மிதந்தது!

விஷயம் இதுதான். சூடான அச்சில் பட்ட மாவு உடனே வெந்து ஒட்டிக்கொள்கிறது. அச்சு ஆறியிருந்தால் மாவு வழிந்துவிடும். ரொம்பக் காய்ந்தால் மாவுப் பாத்திரத்திலேயே உதிர்ந்துவிடும். அச்சு முழுக்க மூழ்கினால் மாவு மேல் விளிம்பையும் மூடி, ரிவெட் தலை மாதிரி பிடித்துக்கொள்ளும்; அப்புறம் கத்தியால் சுரண்ட வேண்டியதுதான். நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான். ஃபிட்டிங்கில் மார்க் வாங்குகிறவன் கை வேறு, நம்ம கை வேறு.

பேக்கிங்கிலும் ஏமாந்துவிடாதீர்கள். சூட்டோடு டப்பாவை மூடினால் ஆவி நீராகி முறுக்கு நமுத்துப்போகும். அதிரசத்தையும் முறுக்கையும் ஒரே டப்பாவில் போட்டாலும் அதே கதி. அதிரசத்தின் ஈரம் முறுக்குக்குப் போய்விடும். தனித்தனிக் கவர்தான் நல்லது.

அன்று சாயங்காலம் கல்கல், அதிரசம், தட்டை, ரவா லட்டு என்று எல்லா வகையும் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நண்பன் தன் பங்கைப் பையில் அடுக்கிக்கொண்டு லோக்கல் ட்ரெயினுக்குக் கிளம்பினான். வாசலில் செருப்பு மாட்டும்போது, "அடுத்த வருஷம் என் ரூம்ல வச்சுக்கலாம்டா" என்றான்.

"அடுப்பு?"

"அத நீங்க தூக்கிட்டு வாங்க."