கடல்மீன் தொட்டிக்கு மணல் எவ்வளவு?

சுயதொழில் என்றதும் தையல், கோழி வளர்ப்பு, மா அரைத்துப் பொதியிடுதல் என்பவைதான் எமக்கு முதலில் நினைவுக்கு வரும். அலங்கார மீன் வளர்ப்பும் பல சகோதரிகளுக்குக் கைகொடுத்து வருகிறது. கப்பி, மொலி போன்ற நன்னீர் மீன்களைப் பலர் வளர்க்கிறார்கள். நான் செய்வது அதற்கு அடுத்த படி. வைத்தியசாலைகள், விடுதிகள், கடைகள் ஆகியவற்றில் உள்ள கடல்மீன் தொட்டிகளை வாரமொருமுறை சென்று துப்புரவாக்கிப் பராமரிக்கிறேன். போரில் கணவரை இழந்த எனக்கு இந்த வருமானமே வீட்டுச் செலவும் மகளின் ரியூசன் காசும். ஒரு தொட்டி மீன் இறந்தால் அந்த வாடிக்கையாளரும் போய்விடுவார். ஆகவே இதில் எதையும் குத்துமதிப்பாகச் செய்ய முடியாது.

இத்தொழிலைப் பழக வருகிற சகோதரிகள் என்னிடம் முதலில் கேட்பது, “அக்கா, அடியில மணல் எவ்வளவு போடுறது?” என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். தண்ணீரை மாற்றலாம், மீனை மாற்றலாம். போட்ட மணலை மாற்றுவது கடினம்.

மணலுக்குள் நடப்பது என்ன?

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. கல்லிலும் மேல் மணலிலும் வாழும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இதற்கு ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசன் எட்டாத ஆழத்தில் வேறு வகைப் பற்றீரியாக்கள் உண்டு. அவை நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். மணலை ஆழமாகப் போடுபவர்கள் இந்தப் பயனை எண்ணியே போடுகிறார்கள்.

மூன்று அளவுகள்

மெல்லிய படுக்கை: 1 முதல் 1½ அங்குலம். ஊத்தை சேர்ந்தால் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம். நைத்திரேற்றைக் குறைக்கத் தண்ணீரை ஒழுங்காக மாற்ற வேண்டும்.

ஆழமான படுக்கை: 4 முதல் 6 அங்குலம். மணல் நன்கு பொடியாக இருக்க வேண்டும். மேற்பரப்பைக் கிளறிக் கொடுக்கச் சிறு புழுக்களும் நத்தைகளும் வேண்டும். அடிமணலை ஒருபோதும் கலக்கக் கூடாது. அங்கே ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சு வாயு தேங்கியிருக்கலாம். கூழ்முட்டை மணமும் மணலில் கருமைத் திட்டுகளும் அதன் அடையாளம்.

இடைப்பட்ட படுக்கை: 2 முதல் 4 அங்குலம். ஊத்தை தங்கும், ஆனால் அடியில் ஒட்சிசன் இல்லாத பகுதி போதியளவு உண்டாகாது. துப்புரவாக்கவும் சிரமம். தொட்டி முழுவதற்கும் இந்த அளவைத் தவிருங்கள்.

நான் தெரிவு செய்வது

நான் பொறுப்பெடுக்கும் தொட்டிகளுக்கு 1½ அங்குலத்துக்கு மேல் போடுவதில்லை. ஒரு வைத்தியர், “பிள்ளை, மணலை நல்லாப் போடும், வடிவா இருக்கட்டும்” என்றார். “ஐயா, வடிவுக்கு இது காணும். கூடப் போட்டால் கரண்ட் நிண்ட நேரம் மீனுக்கு மூச்சு முட்டும்” என்று விளக்கினேன். அவர் ஏற்றுக்கொண்டார்.

காரணம் இதுதான். மணலில் உள்ள கோடிக்கணக்கான உயிர்களும் ஒட்சிசனைப் பாவிக்கின்றன. மோட்டர் நின்றால் மீனும் அவையும் அதே தண்ணீரில் உள்ள ஒட்சிசனுக்குப் போட்டியிடும். 2022ஆம் ஆண்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. மணல் எவ்வளவானாலும் பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்று கட்டாயம் வேண்டும்.

பாரத்தையும் பாருங்கள். 3 அடி நீளமும் 1½ அடி அகலமும் உள்ள தொட்டியில் ஓர் அங்குல மணல் ஏறக்குறைய 16 கிலோ வரும். ஐந்து அங்குலம் போட்டால் 80 கிலோ. மேசை தாங்க வேண்டும். தண்ணீருக்கும் இடம் குறையும்.

இரவில் மணலுக்குள் புதைந்து உறங்கும் மீன்கள் சில உண்டு. அவற்றுக்காகத் தொட்டி முழுவதும் மணல் நிரப்பத் தேவையில்லை. ஒரு மூலையில் பிளாஸ்ரிக் பெட்டி வைத்து அதில் மட்டும் 3 அங்குலம் போடுங்கள். பெட்டியை வெளியே எடுத்துக் கழுவலாம்.

செய்யும் முறை

• கடல்மீன் தொட்டிக்கென விற்கும் சுண்ணாம்பு மணலை வாங்குங்கள். மெல்லிய படுக்கைக்கு 1 முதல் 2 மில்லிமீற்றர் பருமன் நல்லது.

• வாளியில் இட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள்.

• கற்களை முதலில் கண்ணாடி அடியில் உறுதியாக வையுங்கள். பின்னர் சுற்றிவர மணலைப் பரப்புங்கள். மணலின் மேல் கல்லை வைத்தால், மீன் தோண்டும்போது சரிந்து கண்ணாடியை உடைக்கும்.

• தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் மணலின் மூன்றிலொரு பங்கை மட்டும் உறிஞ்சிச் சுத்தம் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவினால் நல்ல பற்றீரியாக்களும் குறைந்துவிடும்.

• பிறர் வைத்த பழைய தொட்டியைப் பொறுப்பெடுத்தால் முதலில் மணலை அளந்து பாருங்கள். ஆழமான மணலை அகற்றுவதாயின் மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிய பின்னரே கை வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாடுகளில் உயிருள்ள முருகைக்கற்களைத் தொட்டியில் வளர்க்கிறார்கள். எமது நாட்டில் கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பது சட்டவிரோதம். கரையோர வலயத்தில் அதனை அகழ்வது 1988ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தினால் தடைசெய்யப்பட்டது. எவர் மலிவாகக் கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீர்கள். செயற்கைக் கற்களே போதும்.

சகோதரிகளே, இத்தொழிலுக்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஓர் அளவுநாடாவும் ஒரு கொப்பியும் வாங்குங்கள். ஒவ்வொரு தொட்டியினதும் மணல் அளவு, தண்ணீர் மாற்றிய நாள், இறந்த மீன்களின் எண்ணிக்கை என்பவற்றை எழுதி வையுங்கள். உரிமையாளர் கேள்வி கேட்கும்போது அந்தக் கொப்பியைக் காட்டி நிமிர்ந்து பதில் சொல்லலாம்.