நித்திரைக் குளிசையும் நாலு சொட்டுத் தைலமும்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, ரிவஸ்டன் தாண்டி லக்கலப் பக்கம் இறங்கினால், மர நிழலில் ஏலச்செடிகள் தென்படும். செடியின் அடியில் மண்ணை ஒட்டிக் கிடக்கும் காயொன்றை நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள். மூக்கு விரியும், தலை நிமிரும். கண் மட்டும் சொருகாது. ஏலத் தைலத்தில் நிறைய இருக்கும் சினியோல்தான் யூகலிப்டஸ் தைலத்திலும் இருப்பது. வாசனை என்றாலே உடம்பு சாந்தமாகும் என்று போத்தலில் ஒட்டி விற்பவர்கள் வாசனைக்கு வாசனை குணம் மாறும் என்பதைச் சொல்வதில்லை.

நித்திரைக்குப் பேர்போனது லவெண்டர். 1995இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இங்கிலாந்திலிருந்து ஒரு சின்னக் கடிதம் வந்தது. முதியோர் மனநல வார்டில் நான்கு பேர், அவர்களில் நித்திரைக் குளிசை போட்டுவந்தவர்களும் இருந்தார்கள். குளிசையை நிறுத்தியதும் அவர்கள் தூங்கும் நேரம் குறைந்தது. பிறகு இரவில் வார்டுக்குள் லவெண்டர் வாசத்தைப் பரவவிட்டார்கள். குளிசையோடு தூங்கிய அளவுக்கு மறுபடி தூங்கினார்கள்.

நான்கே பேர்! இதை வைத்து எதையும் நிறுவ முடியாது. போதாததற்கு, வெறும் மாவுக் குளிசையைக் கொடுத்து ஒப்பிடுவதுபோல வாசனையில் ஒப்பிட முடியாது, முகர்ந்தவருக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் எலிக்கு லவெண்டரின் புகழ் தெரியாதே. லவெண்டரில் உள்ள லினலூலை ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தார் எலிகளுக்கு முகரக் கொடுத்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். எலிகளின் பதற்றம் தணிந்தது. மோப்ப உணர்வு அழிக்கப்பட்ட எலிகளிடம் அது நடக்கவில்லை. ஆகவே வேலை மூக்கு வழியாகத்தான் நடக்கிறது. வேலியம் வகைக் குளிசையை அளவுக்கு மீறி விழுங்கியவரை எழுப்ப ஏற்றும் ஃபுளுமசெனிலைக் கொடுத்தபோது, லினலூலின் குணமும் அற்றுப்போனது. அந்தக் குளிசைகள் போய்ப் பிடிக்கும் மூளையின் அதே இடத்தோடு இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று அர்த்தம். பதற்றம் தணிவது வேறு, நித்திரை வேறு என்பதையும் மறக்கக் கூடாது.

லினலூலுக்கு லவெண்டர்தான் வேண்டும் என்றும் இல்லை. தடிமனுக்கு நாம் இஞ்சியோடு அவிக்கும் கொத்தமல்லியின் தைலத்தில் பாதிக்கு மேல் அதுதான்.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்றால், வயதானவருக்கு நித்திரைக் குளிசை பொல்லாதது. நடுச்சாமத்தில் கழிவறைக்குப் போக எழும்புவார், தலை சுற்றும், விழுவார், இடுப்பெலும்பு முறியும். அதற்காக நெடுநாள் போட்ட குளிசையைத் தானாகச் சடாரென நிறுத்துவதும் ஆபத்து. வைத்தியரைக் கேட்டுப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். தைலத்தைக் குடிக்கவே கூடாது. ஆஸ்துமாக்காரர் இருக்கும் வார்டில் கடும் வாசமும் ஆகாது.

இன்னொன்று: வார்டில் நித்திரை கெடுவது நோயால் மட்டுமா? தலைக்கு மேலே விடியவிடிய எரியும் வெளிச்சம், விடியுமுன் பிரஷர் பார்க்க எழுப்பும் கை, கிரீச்சிடும் தள்ளுவண்டி. லவெண்டர் வாங்குமுன் அந்த வண்டிச் சில்லுக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்கலாம்.