புது வாய்க்கால் வெட்டுவதா, அடைத்த இடத்தை மட்டும் திறப்பதா?

இருதயக் குழாய்களைப் படம் பிடிக்கும் அறையின் வாசலில் இந்நாளில் அடிக்கடி நடைபெறும் ஒரு காட்சியை நம் நேயர்களில் பலர் நேரில் கண்டிருப்பார்கள். உள்ளே குடும்பத் தலைவர் மேஜை மீது படுத்திருக்கிறார். மணிக்கட்டின் வழியாக ஒரு மெல்லிய குழாய் அவருடைய இருதயம் வரையில் சென்றிருக்கிறது. கதவு திறக்கிறது. டாக்டர் வெளியே வந்து, "மூன்று குழாய்களிலும் அடைப்பு இருக்கிறது. இப்பொழுதே ஸ்டென்ட் வைத்துவிடலாம். அல்லது பிறகு பைபாஸ் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்கிறார். வெளியே நிற்பவர்கள் மனைவியும், மகனும், செய்தி கேட்டு ஓடிவந்த மைத்துனரும். அவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் ஐந்து நிமிஷம். பெண்ணுக்கு வரன் தேட ஆறு மாதம் யோசிக்கும் குடும்பம், ஒரு மனிதருடைய அடுத்த பத்து வருஷங்களை அந்த ஐந்து நிமிஷத்தில் நிர்ணயித்துவிடுகிறது.

மார்பைப் பிளக்காமல் காரியம் முடியுமென்றால் யார்தான் வேண்டாமென்பார்கள்? ஆகையால் "ஸ்டென்டே வைத்துவிடுங்கள்" என்ற விடைதான் பெரும்பாலும் வருகிறது. பலருக்கு அது தகுந்த விடையுமாகும். ஆனால் படுத்திருப்பவர் நீரிழிவுக்காரராகவும், அடைப்பு பல குழாய்களில் இருப்பதாகவும் இருந்தால், அவசர நிலை இல்லாதபோது, அந்த விடை அவருக்குப் பெரும்பாலும் நன்மை பயப்பதில்லை. முப்பது வருஷ ஆராய்ச்சி திரும்பத் திரும்பச் சொல்லும் முடிவு இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் உதவியுடன் எடுக்கப்பட்டு 2023-ஆம் வருஷம் வெளியான கணக்கின்படி, நம் தேசத்தில் நீரிழிவுக்காரர்கள் பத்துக் கோடிப் பேர். எனவே நாம் பேசப்போவது எங்கோ யாரோ சிலருடைய விஷயமன்று.

நீரிழிவு இருதயக் குழாய்களுக்குச் செய்யும் தீங்கு தனிப்பட்ட வகையைச் சேர்ந்தது. மற்றவர்களுக்கு ஓரிடத்தில் அல்லது இரண்டிடத்தில் கொழுப்புப் படிந்து குழாய் குறுகுகிறது. நீரிழிவுக்காரருக்கோ குழாயின் நீளம் முழுவதிலுமே படிவு பரவுகிறது. குழாயே சிறுத்தும் போகிறது. இதைவிடப் பொல்லாத சங்கதி ஒன்றுண்டு. வலியைத் தெரிவிக்கும் நரம்புகள் நாளடைவில் மழுங்கிவிடுவதால், நோய் முற்றும் வரையில் பலருக்கு மார்வலியே தோன்றுவதில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வயதாகிவிட்டது என்று சொல்லி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

காவேரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இரண்டு சிகிச்சைகளின் வித்தியாசத்தை விளக்குவது எளிது. நல்ல வாய்க்காலில் ஓரிடத்தில் கரை சரிந்து மண் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த மண்ணை ஒதுக்கி, கரை மறுபடியும் சரியாதபடி முளையடித்து நிறுத்தினால் தண்ணீர் ஓடும். ஸ்டென்ட் செய்வது இதுதான். சிறு பலூனை ஊதிப் படிவை ஒதுக்கி, கம்பி வலையாலான குழலை அந்த இடத்தில் பதித்துவிடுகிறார்கள். ஆனால் வாய்க்கால் தலை முதல் கடை வரையில் தூர்ந்துகொண்டே வருகிறதென்றால்? இன்று ஓரிடத்தைச் செப்பனிட்டால் அடுத்த வருஷம் பத்தடிக்கு அப்பால் அடைக்கிறது. அப்பொழுது விஷயமறிந்த மிராசுதார் என்ன செய்வார்? தலை மதகிலிருந்து புது வாய்க்கால் ஒன்று வெட்டி, தூர்ந்த பகுதிகளுக்கெல்லாம் கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். இனி மேல்பகுதியில் எவ்வளவு மண் விழுந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் குறையாது. பைபாஸ் என்பது இந்தப் புது வாய்க்கால். இன்றுள்ள அடைப்பை மாத்திரமின்றி, இனிமேல் வரக்கூடிய அடைப்பையும் அது தாண்டி நிற்கிறது.

இந்த ஆபரேஷனைப் பிரசித்தமாக்கியவர் ரெனே ஃபவலோரோ என்னும் அர்ஜென்டீனா தேசத்து வைத்தியர். பன்னிரண்டு வருஷ காலம் ஒரு குக்கிராமத்தில் வைத்தியம் பார்த்துவிட்டு, 1962-ல் அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய், மீண்டும் மாணாக்கர் போலத் தொழில் பயின்றார். 1967 மே மாதத்தில், காலிலிருந்து எடுத்த ரத்தக் குழாயைக் கொண்டு இருதயத்தின் அடைப்பைக் கடக்கும் சிகிச்சையை அங்கே தொடங்கினார். புகழின் உச்சியிலிருந்தபோது, 1971-ல், தம் தாய்நாட்டுக்குத் திரும்பிவிட்டார் என்பதையும் நம் வாலிபர்கள் அறிந்துகொள்வது நல்லது.

பலூன் சிகிச்சை பிறந்த கதை ஒரு சமையலறையில் தொடங்குகிறது. ஜெர்மானியரான ஆந்திரேயாஸ் குருயென்ட்ஸிக் ஸ்விட்ஸர்லாந்தில் ஜூரிச் நகரத்திலுள்ள தம் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பலூன் குழாய்களைக் கையாலேயே செய்து பார்த்தார். 1977 செப்டம்பர் 16-ந் தேதி 38 வயதுள்ள ஒருவருடைய இருதயக் குழாயை முதன் முதலாகப் பலூனால் திறந்தார். திறந்த இடம் மறுபடியும் மூடிக்கொள்வது பெரிய சங்கடமாக இருந்ததால், 1986-ல் கம்பி வலைக் குழல் வந்தது. அதுவும் உள்ளே தழும்பு வளர்ந்து அடைத்ததால், பிறகு மருந்து பூசிய குழல் வந்தது.

இரண்டு முறைகளும் உலகெங்கும் பரவிய பிறகு, எது மேல் என்று அறிய அமெரிக்க சர்க்காரின் தேசிய இருதய ஆராய்ச்சி நிலையம் 1,829 நோயாளிகளைக் கொண்டு ஒரு பரீட்சை நடத்தியது. சிகிச்சையைத் தீர்மானித்தது வைத்தியரின் விருப்பமன்று. திருவுளச் சீட்டுப் போன்ற முறைதான். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது இரண்டுக்கும் அதிக வித்தியாசமில்லை. மருந்து சாப்பிட்டுவந்த நீரிழிவுக்காரர்களை மட்டும் தனியே எடுத்தபோதுதான் எல்லோரும் திடுக்கிட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 81 பேர். பலூன் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 66 பேர் கூட இல்லை. கட்டுரை வெளியாகும் வரையில் காத்திராமல், 1995-லேயே வைத்தியர்களுக்கு எச்சரிக்கை அனுப்பினார்கள்.

"அது வெறும் பலூன் காலம், இப்பொழுது மருந்து பூசிய ஸ்டென்ட் வந்துவிட்டதே" என்று சிலர் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபம் நியாயமானதே. அதற்கு விடை காண நடந்ததுதான் 'ஃபிரீடம்' என்னும் பெயர் கொண்ட பெரிய பரீட்சை. டாக்டர் வாலன்டின் ஃபுஸ்டர் முதலியோர் தலைமையில், பல குழாய்களில் அடைப்புள்ள 1,900 நீரிழிவுக்காரர்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். முடிவு 2012-ல் வெளியாயிற்று. ஐந்து வருஷத்தில் இறந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு 16. பைபாஸ் செய்துகொண்டவர்களில் 11. மாரடைப்பு வந்தவர்கள் முறையே 14, 6. ஸ்டென்ட் முன்னேறியும் பழைய தீர்ப்பு மாறவில்லை.

ஆனால் ஒரு கணக்கு எதிர்ப்புறமாக இருக்கிறது; அதை மறைப்பது தர்மமன்று. மூளையில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பக்கவாதம் வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு 2 பேருக்குச் சற்று அதிகம். பைபாஸ் செய்துகொண்டவர்களில் 5 பேர். ஆபரேஷன் நடந்த முதல் மாதத்திலேயே இந்த வித்தியாசம் தோன்றிவிடுகிறது. இதுதான் விஷயத்தின் தன்மை. பைபாஸின் கஷ்டமெல்லாம் முன்னால் வருகிறது; அதன் லாபம் இரண்டு மூன்று வருஷங்களுக்குப் பிறகே கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்டென்டின் சௌகரியம் இன்றைக்கே கிடைக்கிறது. அதன் பாக்கி பின்னால் வசூலிக்கப்படுகிறது. மறுநாளோ அடுத்த நாளோ வீட்டுக்கு வந்து ஈஸி சேரில் சாய்ந்து பத்திரிகை படிப்பவரைப் பார்க்கும்போது, மார்பெலும்பு கூடுவதற்கு ஆறு வாரம் காத்திருக்கும் எதிர் வீட்டுக்காரர் ஏமாந்துவிட்டவராகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

புது வாய்க்கால் எதனால் வெட்டப்படுகிறது என்பதும் முக்கியம். காலிலிருந்து எடுக்கும் குழாய் பத்து வருஷத்துக்குள் அடைத்துப்போவது சாதாரணம். மார்பெலும்பின் உட்புறமாக இறங்கும் தமனி ஒன்று இருக்கிறது. அதில் கொழுப்பு எளிதில் படிவதில்லை. இருதயத்தின் முன்பக்கக் குழாயோடு அதைச் சேர்த்துவிட்டால், பத்து வருஷத்துக்குப் பின்னும் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கிறது. மேலே சொன்ன முதல் பரீட்சையில் பைபாஸினால் நீரிழிவுக்காரர்கள் பெற்ற லாபம் முழுவதும் இந்தத் தமனியை உபயோகித்தவர்களிடமே காணப்பட்டது. ஆகையால் "பைபாஸ் செய்வீர்களா?" என்பதோடு நில்லாமல், "மார்புத் தமனியை எடுப்பீர்களா?" என்றும் கேட்பது அவசியம்.

இனி, எவருக்கு இந்தப் பேச்சு பொருந்தாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மாரடைப்பு வந்து குழாய் திடீரென்று மூடிக்கொண்டவருக்கு ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. பலூனும் ஸ்டென்டும் அங்கே உயிர் காக்கும் கருவிகள். அடைப்பு ஒரே குழாயில் சிறிதாக இருப்பவர், தள்ளாத வயதினர், நுரையீரலோ சிறுநீரகமோ மிகவும் கெட்டவர் ஆகியோருக்குக் கணக்கு வேறு. நோய் மிதமாகவும் நிலையாகவும் உள்ள பல நீரிழிவுக்காரர்களுக்கு இரண்டுமே உடனடியாக வேண்டியதில்லை. 2009-ல் வெளியான ஒரு பரீட்சையில், உடனே குழாய்களைச் சரிசெய்துகொண்டவர்களும், நல்ல மருந்துகளோடு பொறுத்திருந்தவர்களும், ஐந்து வருஷ முடிவில் ஏறக்குறைய ஒரே அளவில், நூற்றுக்கு 88 பேர், உயிரோடு இருந்தார்கள். ஸ்டென்டும் வருஷத்துக்கு வருஷம் திருந்திவருகிறது. குழாயினுள் ரத்தத்தின் அழுத்தத்தை அளந்து பார்த்து, தேவையான இடத்தில் மட்டும் வைக்கும் புது முறையினால் வித்தியாசம் குறைந்துவருவதாக அண்மைப் பரீட்சை ஒன்று காட்டுகிறது. ஆனால் அதில் சேர்ந்தவர்களில் நீரிழிவுக்காரர் சிறுபான்மையோரே. பல குழாய்களில், முக்கியமாக முன்பக்கக் குழாயில், அடைப்புள்ள நீரிழிவுக்காரருக்கு உடல்நிலை இடங்கொடுத்தால் பைபாஸே மேல் என்று 2021-ல் அமெரிக்க இருதய வைத்திய சங்கங்கள் வகுத்த விதி கூறுகிறது.

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு அது ஏன் எட்டுவதில்லை? படம் பிடிப்பவரும் ஸ்டென்ட் வைப்பவரும் ஒருவரே. கத்தி பிடிப்பவர் வேறொருவர். அவர் அந்த அறையில் இல்லை. எவருடைய நேர்மையையும் நாம் சந்தேகிக்கவில்லை. தச்சனிடம் யோசனை கேட்டால் மரத்தில்தானே சொல்லுவான்? செலவைப் பற்றிய எண்ணமும் குறுக்கே வருகிறது. லட்ச ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்த மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2017-ல் மத்திய சர்க்கார் 29,600 ரூபாய் என்று உச்ச விலை விதித்தது மெச்சத்தக்க காரியம். ஆயினும் மூன்று நான்கு ஸ்டென்ட் வைத்து, சில வருஷத்தில் மறுபடியும் வைக்க நேர்ந்தால், மலிவு என்று எண்ணியது மலிவாக இராது. ஃபிரீடம் பரீட்சையில் ஸ்டென்ட் வைத்தவர்களில் எட்டில் ஒருவருக்கு முதல் வருஷத்துக்குள்ளேயே மறு சிகிச்சை வேண்டியிருந்தது.

ஆபரேஷனுக்காகக் கடல் கடந்து போக வேண்டிய காலமும் என்றோ போய்விட்டது. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் பைபாஸ் 1975-ல் நம் சென்னையில், பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில், டாக்டர் கே. எம். செரியன் செய்ததே.

வீட்டில் நீரிழிவுக்காரர் ஒருவருக்கு அவசரமில்லாமல் இருதயப் படம் எடுக்க நாள் குறித்திருந்தால், முன்தினமே டாக்டரிடம், "நாளை படம் மட்டும் எடுங்கள்; பல குழாய்களில் அடைப்பு இருந்தால் வெளியே வந்து கலந்து பேசுவோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். கையெழுத்து வாங்கும் சம்மதக் காகிதத்தில் படத்துக்கும் ஸ்டென்டுக்கும் சேர்த்தே எழுதியிருப்பது சில இடங்களில் வழக்கம்; கையெழுத்திடுமுன் அதை வாசித்துப் பார்க்க வேண்டும். எடுத்த படத்தின் தகட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, இருதய சஸ்திர சிகிச்சை நிபுணர் ஒருவரிடமும் காட்ட வேண்டும். அவசரமில்லாத நோயில் இதற்கு ஆகும் ஒரு வாரத்தினால் பெரும்பாலும் கெடுதல் ஒன்றும் நேராது. ஆபரேஷன் என்று முடிவானால், அந்த நாட்களிலேயே ரத்தத்தில் சர்க்கரையை இன்ஸுலின் கொண்டு அடக்கிவைப்பது மார்புக் காயம் புரையோடாமல் ஆறுவதற்கு உதவும்.